எட்டு வளையம் கட்டிய தடி

அன்பு மகன்,

வழக்கமாக நம் வீட்டுக் கடிதங்கள் சுகம் விசாரித்துத்தான் தொடங்கும். உன் சுகத்தை நீயே எழுதிவிட்டாய், எங்கள் சுகத்தை நீ கேட்கவில்லை. ஆகவே அந்த வேலை இந்தமுறை மிச்சம். கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வாசல் படலையில் நின்று “நோர்வே!” என்று கூப்பிட்டதும் அம்மா குசினியிலிருந்து மாக்கையோடு ஓடி வந்தாள். வாசித்துக் காட்டினேன். உயிர்த்த ஞாயிறு முடிந்து மூன்றாம் கிழமை உனக்குக் கலியாணம், பெண் சரவணை ஊர்ப் பிள்ளை, அங்கே படிக்க வந்தவள், நம் வேதக் கோயிலிலும் எழுதுவோம், அவளுடைய சைவ முறைப்படியும் செய்வோம் என்று நாலு வரி. பிள்ளையின் வீட்டார் இன்னும் எங்கள் படலையைத் திறக்கவில்லை. திறப்பார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. நீ சந்தோசமாக இரு. இதை மனதாரத்தான் எழுதுகிறேன். அடுத்து எழுதப்போவது உனக்குச் சந்தோசம் தராது.

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஓய்வு நாளில் சின்னப் பொய்மீன் எறிந்து மீன் பிடிக்க இலேசான தூண்டில் தடி ஒன்று நீயே கட்டப்போகிறாய், கடையில் நூலோடும் வளையம் கட்டாத வெறுந்தடி இரண்டு பார்த்து வைத்திருக்கிறாய், ஒன்று விறைப்பு, ஒன்று இளக்கம். எதை எடுப்பது, எத்தனை வளையம், என்ன இடைவெளி என்று ‘அப்பா எழுதினால் நல்லது’ என்கிறாய். நாலு வருசமாகத் தந்திபோலக் கடிதம் போட்ட பிள்ளை திடீரென்று என்னிடம் தொழில் கேட்கிறது. அன்பினால் கேட்டாயோ, குத்திப் பார்க்கக் கேட்டாயோ, எனக்கு விளங்கவில்லை. அதற்குக் கீழேயே ஒரு வசனம் எழுதியிருக்கிறாய்: ‘ஊரில் என்னை ஒருத்தராவது வேலைக்குக் கூப்பிட்டிருந்தால் நான் இந்தப் பனிக்குள் வந்திருக்க மாட்டேன்.’ மகன், அந்த வசனம் பிழை. உன்னை ஒருவர் கூப்பிட்டார். நான்தான் உன்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எழுதத்தான் தபால் கந்தோரில் இத்தனை தாள் வாங்கி வந்தேன்.

நான் இந்தத் தடி வேலைக்குள் எப்படி வந்தேன் என்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும். நீ பிறந்த காலத்தில் ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு மாற்றலாகி வந்த டொக்டர் ஒருவர் பின்னேரங்களில் இறங்குதுறையில் நின்று மரத்தால் செய்த பொய்மீனை எறிந்து இழுப்பார். நாங்கள் வள்ளத்தில் இருந்து பார்த்துச் சிரிப்போம். வலையை விட்டால் ஒரு இழுவையில் வருவதை இந்த மனிதர் ஒற்றை ஒற்றையாகப் பிடிக்கிறாரே என்று. ஒரு நாள் அவருடைய தடி முறிந்துபோனது. வலை நூலால் இறுக்கி, மெழுகு தேய்த்து, நான் அதைக் கட்டிக் கொடுத்தேன். அவர் எனக்குக் கை தந்தார். ஒரு டொக்டர் எனக்குக் கை தந்தது அதுதான் முதல் தரம். அவர் மாற்றலாகிப் போகும்போது அடுத்த ஆளுக்கு என்னைச் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே நீதவான், கந்தோர்ப் பெரியவர்கள், சுங்கப் பகுதிக்காரர் என்று ஒருவர் மாறி ஒருவர். “தடிக்காரர் நிக்கிறாரோ?” என்று ஜீப்பில் வந்து கேட்பார்கள். வள்ளத்தில் என்னோடு வந்தவர்களுக்கு நான் சம்மாட்டி, வள்ளத்துக்காரன். ஜீப்பில் வந்தவர்களுக்கு நான் தடிக்காரர். இரண்டாவது பெயரில்தான் எனக்கு ருசி. அந்த ருசியை மறைத்து என்ன, நீ அதைச் சின்னவனாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டாய்.

நீ படிப்பு முடித்து வீட்டில் நின்ற அந்த இரண்டு வருசம் இருக்கிறதே, அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. எத்தனை விண்ணப்பம் எழுதினாய். ஒன்றுக்கும் பதில் இல்லை. உன்னோடு படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் நின்றார்கள் என்றாலும் எங்கள் வீட்டில் நிற்பவன் நீ. அந்த நேரத்தில்தான் அந்த எஞ்சினியர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், அடக்கமானவர், என்னை நீர் என்று மரியாதையாகக் கதைப்பவர். கிழமைக்கு ஒரு தரம் எங்கள் பக்கம் வேலை பார்க்க வருவார், வேலை முடிந்தால் இறங்குதுறையில் நிற்பார். நான் முதல் நாளே அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். “மகன் படிச்சிட்டுச் சும்மா நிக்கிறான் ஐயா. ஏதும் கந்தோர் வேலை இருந்தால் பாருங்கோ.” அவர் பார்ப்போம் என்றார். பிறகு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். கழிமுகத்தில் கொடுவாவுக்குச் சின்னப் பொய்மீன் எறிய இலேசான தடி ஒன்று வேண்டுமாம். நாட்டுக்குள் ஒன்றும் வராமல் இறக்குமதி நின்றிருந்த காலம். ஆனால் கப்பலில் வேலை செய்த உன் சித்தப்பா சிங்கப்பூரில் இருந்து இரண்டு பைபர் வெறுந்தடி கொண்டு வந்து எங்கள் அலுமாரிக்கு மேல் போட்டிருந்தார். நல்ல தடி ஒன்று கட்டிக் கொடுத்தால் உனக்கு ஒரு வழி பிறக்கும் என்று நான் நம்பினேன். அம்மாவும் நம்பினாள்.

நான் தடி பார்த்த முறை உனக்கு நினைவிருக்கும். வள்ளம் ஊன்றித் தள்ளும் மரக்கோல் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். ஐம்பது வயதுவரை வள்ளம் தாங்கியவனுக்கு வேறு முறை தெரியாது. அடியை நிலத்தில் ஊன்றி, மேல் பாதியில் பாரத்தைப் போட்டு, வளைகிறதா என்று பார்ப்பது. வளைந்தால் ஆகாது. இரண்டில் பருத்த, மொத்தத் தடி அசையாமல் நின்றது. மெல்லியது பாதியில் இருந்தே வளைந்து கொடுத்தது. அதை நான் வேலியோரம் எறிந்துவிட்டு, “இது தடியில்லை, ஈர்க்கு” என்றேன். சித்தப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. எழும்பிப் போய் அதை எடுத்து வந்தாய். முள்முருக்கில் நீ செதுக்கிய பொய்மீன் ஒன்றைக் கொண்டு வந்தாய். நெத்தலியை விடக் கொஞ்சம் பெரிது, வாய்க்குக் கீழே பால்பேணித் தகரத்தில் வெட்டிய சொண்டு. இழுத்தால் அந்தச் சொண்டு தண்ணீரை வாங்கி அதைக் கீழே கொண்டுபோகும், அது நெளிந்து நெளிந்து ஓடும். அதை முதலில் மொத்தத் தடியின் நுனியில் தொங்கவிட்டாய். தடிக்கு அப்படியொன்று தொங்குவதே தெரியவில்லை. மெல்லியதில் தொங்கவிட்டாய். நுனி தலை குனிந்தது.

“பொய்மீனை எறியிறது கையில்லை அப்பா, தடிதான் எறியிறது” என்றாய். “அதின்ரை பாரத்துக்குத் தடி பின்னுக்கு வளைய வேணும். வளைஞ்சால்தானே நிமிரேக்கை தூக்கி வீசும்?”

“கொடுவா அடிச்சால்? அஞ்சு றாத்தல் மீன் உன்ரை ஈர்க்கை முறிச்செறியும்.”

“முறியாது. பொய்மீனிலை இருக்கிறது மூண்டுமுள் தூண்டில், எல்லாம் சின்ன முள். விறைச்ச தடியாலை வெட்டி இழுத்தால் மீன்ரை வாய் கிழிஞ்சு முள்ளுக் கழண்டுபோம். தடி கொஞ்சம் விட்டுக் குடுத்தால்தான் முள்ளு நிக்கும்.”

“மீனுக்கு இரக்கம் பாக்கவோ தடி கட்டுறது?” என்று நான் கேட்டேன். இதைக் கேட்டுவிட்டு நான் சித்தப்பாவைத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. நீ சொன்னது சரி என்று எனக்கு அப்போதே பாதி விளங்கியிருந்தது. விளங்கியதனால்தான் அப்படிக் கத்தினேன்.

கடைசியில் ஆளுக்கொரு தடி கட்டுவது என்று ஆனது. நான் மொத்தத்தில் கட்டினேன். கன்னாரிடம் செய்வித்த ஐந்து பித்தளை வளையத்தை, இடைவெளி எல்லாம் ஒரு சாண் கணக்கில் வைத்து, அரை நாளில் முடித்துவிட்டேன். நீ ஒன்பது நாள் எடுத்தாய். வெறுந்தடிக்கு ஒரு முதுகு இருக்கிறது என்பதை அந்த ஒன்பது நாளில்தான் நான் கண்டேன். அடியைச் சீமெந்தில் ஊன்றி, நுனியை ஒரு உள்ளங்கையில் ஏந்தி, நடுவை மற்றக் கையால் மெல்ல அழுத்திக்கொண்டு உருட்டினாய். ஓரிடத்தில் தடி தானாகத் துள்ளித் திரும்பி நின்றது. திரும்ப உருட்டினாலும் அதே இடத்தில்தான் நின்றது. அங்கே பென்சிலால் கோடு போட்டு, வளையம் எல்லாம் அந்தக் கோட்டோடுதான் வரவேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுக்கையில் தடி கைக்குள் முறுகும் என்று அம்மாவுக்கு விளக்கினாய். எனக்கு விளக்கவில்லை. நான் கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பித்தளை வளையங்களை நீ தொடவும் இல்லை. நைலோன் தங்கூசி ஓடி ஓடிப் பித்தளையில் பள்ளம் விழும், பிறகு அந்தப் பள்ளமே தங்கூசியை அறுக்கும் என்றாய். நான் ஒட்டிக் கட்டிக் கொடுத்து, மாற்றலாகிப் போகையில் டொக்டர் எங்களிடமே விட்டுப்போன பழைய தடியில் உள்ளே கல் பதித்த சின்ன வளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சை விட்டு இழுத்துப் பார்த்தாய். பஞ்சு இழைவிட்ட ஒன்றை வெடிப்பென்று கழித்தாய். எட்டு மிஞ்சியது. அவற்றின் கால்களைப் படியில் தேய்த்துத் தேய்த்துக் கடதாசி போல மெல்லிசாக்கினாய், தடியில் மேடில்லாமல் ஏற. முதலில் நூலே கட்டவில்லை. சைக்கிள் ரியூப்பில் வெட்டிய துண்டுகளால் வளையங்களைப் பொருத்தி, தங்கூசியைக் கோத்து, அதன் முனையை என் கதிரைக் காலில் கட்டித் தடியை வளைத்தாய். தங்கூசி எங்கே தடியைத் தொட்டதோ அங்கே வளையத்தைத் தள்ளினாய். நுனியில் நாலு விரல் இடைவெளி, கீழே வரவரக் கூடக்கூட. ஒரு நாள் முழுக்க அந்த வேலை. அதற்குப் பிறகுதான் சிவப்பு நூல். இரண்டு கதிரையின் முதுகில் தடியைப் படுக்க வைத்து அம்மா உருட்ட, நீ நூலை விரலால் நெருக்கி நெருக்கிக் கட்டினாய். இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சிரித்துக் கதைத்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எஞ்சினியர் வரும் நாளன்று உன்னை எழுவைதீவுக்கு அனுப்பினேன். வலை ஏற்றி வரவேண்டும், இன்றைக்கே போ என்றேன். வலை அவசரமில்லை. அடுத்த கிழமை எடுத்திருக்கலாம். என் தடி தோற்றால் உன் முகத்தை நான் பார்க்கவேண்டி வரும், அதுதான் காரணம். நீ மறுபேச்சில்லாமல் போனாய். “இரண்டையும் எறிஞ்சு பாக்கச் சொல்லுங்கோ அப்பா” என்று மட்டும் சொன்னாய்.

அவர் இரண்டையும் எறிந்து பார்த்தார். முதலில் என் தடி. பொய்மீன் பக்கத்திலேயே பொத்தென்று விழுந்தது. பலம் போட்டு எறிந்தார், கரையில் கட்டிக்கிடந்த தோணியில் போய் மாட்டியது. ஒரு மீன் அடித்தது, அவர் வெட்டினார், முள் கழன்று பொய்மீன் அவருடைய காலடியில் வந்து விழுந்தது. அவர் மரியாதையான மனிதர், என் தடியைப் பக்குவமாகச் சாய்த்து வைத்தார். பிறகு உன் தடியை எடுத்தார். சும்மா மணிக்கட்டை அசைத்த மாதிரித்தான் இருந்தது. பொய்மீன் போன தூரத்தைப் பார்த்து அவரே “அட!” என்றார். இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்தச் சின்ன மரத்துண்டு நெளிவது கைக்குத் தெரிகிறது என்றார். நாலாம் எறிவில் கொடுவா. தடி அடிவரை வளைந்தது. நான் முறிகிறது முறிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முறியவில்லை. மீனைக் கரையில் போட்டுவிட்டு அவர் தடியை மடியில் வைத்து, வளையம் வளையமாக, நூல் கட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். அங்கே நானும் அவரும் அவருடைய டிரைவரும் மட்டும்தான்.

“இதை ஆர் கட்டினது?” என்று கேட்டார்.

“நான்தான் ஐயா” என்றேன்.

இந்த முதல் பதிலை நான் பொய்யென்று எண்ணிச் சொல்லவில்லை, மகன். இதை நீ நம்பவேண்டும், மற்றதை நம்பாவிட்டாலும். எங்கள் கரையில் வள்ளத்தில் எவன் கையில் மீன் மாட்டினாலும் அது சம்மாட்டியின் மீன். யார் பிடித்தது என்று வெளியாள் கேட்டால் சம்மாட்டிதான் ‘நான்’ என்பான். ஒருவரும் அதைக் களவென்று நினைப்பதில்லை. என் தகப்பன் என் மீனை அப்படித்தான் சொன்னார், நான் அவருடைய வள்ளத்தில் இருபது வருசம் அப்படித்தான் பிடித்தேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஆனால் அவர் கரை ஆள் இல்லை. அவருக்கு ‘நான்’ என்றால் நான்தான்.

“எனக்கு இப்பிடி ஒரு கைதான் வேணும்” என்றார். “பைபர் வள்ளம் செய்யிற பட்டறை ஒண்டு துவங்கப்போறம். பைபர் எங்கை வளையவேணும், எங்கை வளையக்கூடாது எண்டு விளங்கின ஆள் தேடித் திரியிறன். வேலையைப் பழக்கலாம், இந்த விளக்கத்தைப் பழக்கேலாது. உமக்கு எத்தினை வயசு?”

“ஐம்பத்திரண்டு ஐயா.”

“முப்பதுக்குள்ளை எண்டால் நாளைக்கே எடுப்பன்.” கொஞ்சம் யோசித்தார். “மகனுக்கு வேலை வேணுமெண்டு சொன்னனீர் எல்லே? அவருக்கு இதிலை ஏதும் பழக்கமிருக்கோ?”

அந்த இடத்தில் உன் வாழ்க்கை என் வாய்க்குள் கிடந்தது. ‘ஐயா, பொறுக்க வேணும், இதைக் கட்டினதே அவன்தான்’ என்று சொல்லியிருந்தால் போதும். அவர் சிரித்திருப்பார், என் முதுகில் தட்டியிருப்பார். நான் சொன்னது இது:

“அவனுக்கு இதெல்லாம் விளங்காது ஐயா. படிச்ச பிள்ளை. ஏதும் கந்தோர் வேலை இருந்தால் பாருங்கோ.”

“கந்தோர் வேலை என்ரை கையிலை இல்லை” என்றார். தடியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டு எத்தனையோ வருசம் எனக்கே பல பதில் சொல்லிப் பார்த்தேன். நீ கந்தோரில் கதிரையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். நீ போனால் வள்ளத்துக்கு ஆளில்லை என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டும் அழகான பதில்கள், இரண்டும் பிறகு தேடிப் பிடித்தவை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு பெரிய மனிதர் என் கையை மெச்சிக்கொண்டிருக்கிறார், இல்லை ஐயா நான் கட்டினது கழிந்துபோன மற்றத் தடிதான் என்று சொன்னால் நான் பொய்யனும் ஆவேன், தோற்றவனும் ஆவேன். அவ்வளவுதான். வெட்கக்கேடு என்று எழுதினால் நான் செய்ததற்குத்தான் மரியாதை கூடும்.

அம்மா படலையில் நின்றாள். “மகன்ரை கதை கதைச்சனியளோ?” என்றாள். “கதைச்சனான். அவன்தான் கட்டினவன் எண்டும் சொன்னனான். பாப்பம் எண்டவர்” என்றேன். நீ எழுவைதீவிலிருந்து வந்து அதையேதான் கேட்டாய், உனக்கும் அதையேதான் சொன்னேன். நீ இரண்டு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மூன்றாம் மாதம் அம்மா எஞ்சினியரைத் திட்டத் தொடங்கினாள். பிள்ளையின் தடியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிப்போட்டார் என்று. அவளுடைய வாய்க்கு நான் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. சில நாள் நானும் சேர்ந்து திட்டினேன்.

அந்த மனிதர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். நீ அன்றைக்கு யாழ்ப்பாணத்துக்கு எங்கோ நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தாய். வழக்கமாக ஜீப் சத்தம் கேட்டால் நண்டு அவிக்கும் அம்மா, படலைக்குள்ளே வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. அவர் வெயிலில் நின்றார். நான் கிணற்றடியில் குளிப்பதுபோல நின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் துவாயோடு வந்தேன். சிநேகிதர் ஒருவருக்கு இன்னொரு தடி வேண்டும் என்றார். வெறுந்தடி இல்லை என்றேன். பட்டறைக்கு இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் தரமும் கடவுள் எனக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தார். நான் “நல்ல ஆள் கிடைக்கிறது கஷ்டந்தான் ஐயா” என்றேன். அவர் போனார். அம்மா அவர் நின்ற இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் என் தலையில் விழுந்திருக்க வேண்டியது. பிறகு அவருக்கு மாற்றம் வந்து போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஆறுதலாக இருந்தது.

நீ போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. பூசை முடிந்து கோயிலடியில் பஸ் ஏறினாய். நான் பெட்டியை மேலே ஏற்றிக் கயிறு கட்டினேன். போய்ச் சேர்ந்து மீன் தொழிற்சாலையில் வேலை என்று எழுதினாய். ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் மீனை வெட்டுகிறாய், கை விறைக்கிறது என்று எழுதினாய். எட்டு வளையத்தை ஒன்பது நாள் கட்டிய கை. அதை வாசித்தபோது நான் உன் மேல்தான் கோபப்பட்டேன். விட்டுப்போன பிள்ளை, ஊரை மறந்த பிள்ளை என்று கண்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். உன் கடிதங்கள் சுருங்கச் சுருங்க எனக்கு வசதியாகவே இருந்தது. நல்ல தகப்பன், நன்றிகெட்ட மகன் என்று ஊர் கதைத்தது. நான் தலையாட்டினேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். இளக்கமான தடியை எடு. உன் பொய்மீனின் பாரத்தை நுனியில் தொங்கவிட்டுப் பார்த்து எடு, உன் கைப் பலத்தைப் பார்த்து எடுக்காதே. முதுகு பார்த்துக் கோடு போடு. வளையம் எட்டுக்குக் குறைக்காதே, நுனிக்கு மிகச் சின்னதைப் போடு. கடை வளையமாக இருந்தாலும் பஞ்சு விட்டுப் பார். இதில் ஒரு சொல்லும் என்னுடையது இல்லை, எல்லாம் நம் முற்றத்தில் நீ சொன்னது. உனக்கு இது மறந்திருக்காது. என்னைக் கேட்டது ஏன் என்று நீதான் சொல்லவேண்டும். அன்றைக்கு இறங்குதுறையில் நின்ற டிரைவர் உனக்கு ஏதும் சொன்னாரோ என்றும் சில நேரம் நினைக்கிறேன். தெரிந்துகொண்டு கேட்டிருந்தால், கேட்டது சரி.

கலியாணத்துக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. உன் பெண்சாதி ஒரு கறி வைத்தால் அவள் வைத்தாள் என்று சொல். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னைவிட ஒன்றை நன்றாகச் செய்யும். அன்றைக்கு உனக்குள்ளும் ஒன்று எழும்பும், நீ என் பிள்ளைதானே. அது எழும்பும்போது வாயைத் திறக்காதே. கொஞ்சம் தண்ணீர் குடி. பிறகு, இது என் பிள்ளை செய்தது என்று நாலு பேர் கேட்கச் சொல். ஒரு தரம் சொல்லாமல் விட்டால் இரண்டாம் தரம் சொல்ல இன்னும் கஷ்டம், மூன்றாம் தரம் அது சொல்ல முடியாத கதையாகிவிடும். மன்னிப்புக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டதாக எடுத்துக்கொள், தராவிட்டாலும் குற்றமில்லை.

இவ்வளவும் எழுதி முடித்து அம்மாவைக் கூப்பிட்டேன். அவளுக்குத் தெரியாமல் தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் இன்னொரு பொய் என்று பட்டது. அவள் சுளகில் அரிசியோடு வந்து கதிரையில் இருந்தாள். நான் முதல் வரியிலிருந்து வாசித்தேன். இறங்குதுறையில் நான் சொன்ன இடம் வந்தபோது அரிசி கொழிப்பது நின்றது. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. ஏசுவாள் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. கடைசித் தாள்வரை கேட்டுவிட்டுச் சுளகைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பட்டறை எங்கை?” என்று கேட்டாள்.

“பண்ணைப் பாலத்துக்கு அங்காலை. இப்பவும் நடக்குது.”

“பஸ்ஸிலை போய் வரலாமோ?”

“ஓம். ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.”

அவள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, பின்னேரம் பின்னேரம் வீட்டை வந்திருப்பான்” என்றாள்.

நான் ஓம் என்றேன். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். உனக்கு ஏதும் எழுதவோ என்று கதவடியில் நின்று கேட்டேன். அவள் அடுப்பை மூட்டத் தொடங்கினாள். அவள் சொன்னதை மட்டும் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அப்பா